சட்டத்துக்கும் ஒரு நீரொழுங்கி

காவிரிப் படுகையில் ‘ரெகுலேட்டர்’ என்றால் அலுவலகம் எதுவும் நினைவுக்கு வராது. ஆற்றின் குறுக்கே நிற்கும் ஷட்டர் வரிசைதான் நினைவுக்கு வரும். தமிழில் அதற்கு நீரொழுங்கி என்று பெயர். மேட்டூர்த் தண்ணீர் வந்து சேரும்போது ஷட்டர்களை ஒரேயடியாகத் தூக்கிவிடுவதில்லை. சிறிதளவு தூக்கி, கீழ்ப்புறத்து அளவுகோலில் நீர்மட்டத்தைப் பார்த்து, கரை தாங்குகிறது என்று தெரிந்த பிறகே மேலும் தூக்குவார்கள். புதிய தொழில்நுட்பங்களை ஆள்வதற்கு இன்று பல நாடுகள் கையாளும் ‘ரெகுலேட்டரி சாண்ட்பாக்ஸ்’ என்ற முறையும் ஏறக்குறைய இதுவேதான்: சில விதிகளை மட்டும் தற்காலிகமாகத் தளர்த்தி, சிறிய அளவில் சோதித்துப் பார்த்த பிறகே மேலும் அனுமதிப்பது. சாண்ட்பாக்ஸ் என்பது குழந்தைகள் விளையாடும் மணல்தொட்டி. ஆற்று மணலே அரிதாகிவிட்ட நம் பக்கத்துக்கு ஷட்டர் உவமைதான் பொருந்தும்.

இப்படி ஒரு முறை ஏன் தேவைப்படுகிறது என்பதை நெல்வயலில் மருந்தடிக்கும் ட்ரோனை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். பூச்சிமருந்துச் சட்டம் 1968ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் விதிகள் 1971இல் வந்தன. வான்வழித் தெளிப்பு என்று அவை சொன்ன காலத்தில் கண்முன் இருந்தது விமானம். முதுகில் சுமக்கும் கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ட்ரோனுக்குப் 10 லிட்டர் போதும். மருந்தின் அளவு அதேதான், தண்ணீர் மட்டும் குறைகிறது. ஆகவே ஒவ்வொரு துளியும் பல மடங்கு அடர்த்தியாகிறது. புட்டியின் மேல் அச்சிட்ட கலவை விகிதம் இதை எண்ணி எழுதப்பட்டதன்று. முற்றிலும் தடுத்தால், இந்த அடர்த்தி பயிரையும் அண்டை வயலையும் என்ன செய்யும் என்பதற்கான தரவு ஒருபோதும் கிடைக்காது. முற்றிலும் திறந்துவிட்டால் தரவு கிடைக்கும், ஆனால் கெடுதல் நேர்ந்த பிறகே கிடைக்கும். 2022 ஏப்ரலில் மத்திய அரசு, ஏற்கெனவே பதிவு பெற்றிருந்த 477 மருந்துகளை ட்ரோனில் பயன்படுத்த இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் இடைக்கால அனுமதி அளித்தது; அதற்குப் பின்னும் தொடர விரும்பும் நிறுவனங்கள் தேவையான தரவைத் திரட்டித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. சட்டத்தையே காலக்கெடுவுடன் கூடிய சோதனையாக மாற்றும் இத்தகைய வழியின் ஒழுங்குபடுத்தப்பட்ட வடிவமே சாண்ட்பாக்ஸ்.

அதைப் பரவலாக்கியது பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம். 2016இல் அது தொடங்கியதைப் பின்பற்றிப் பிற நாடுகளும் தொடங்கின. நம் ரிசர்வ் வங்கி தன் வரைமுறையை 2019 ஆகஸ்டில் வெளியிட்டது. அதில் என்னைக் கவர்வது, எது தளரும், எது தளராது என்று பிரித்து வைத்திருப்பதுதான். நிறுவனத்தின் நிதிவலிமை, முன் அனுபவம், இயக்குநர் குழுவின் அமைப்பு போன்றவற்றில் சலுகை தரலாம். வாடிக்கையாளரின் அந்தரங்கம், தரவுப் பாதுகாப்பு, அடையாளச் சரிபார்ப்பு ஆகியவற்றில் தரக் கூடாது. சாண்ட்பாக்ஸ் என்றால் சட்டத்துக்கு விடுமுறை என்று பேசுவோர் இந்தப் பட்டியலைப் படிப்பது நல்லது.

ஷட்டர் அங்குலம் அங்குலமாக உயர்வதை, அதே வங்கி தனியாக நடத்திய மற்றொரு முன்னோட்டத்தில் தெளிவாகக் காணலாம். இணையம் இல்லாத இடத்தில் மின்னணுப் பணம் செலுத்துவதில் அடிப்படைச் சிக்கல் ஒன்று உண்டு: அந்த நொடியில் இருப்பைச் சரிபார்க்க வங்கிக்கு வழியில்லை, ஒரே பணத்தை இரு கடைகளில் செலவிட யாரேனும் முயலலாம். 2020 ஆகஸ்டில் முன்னோட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. அதன் அனுபவத்தைக் கொண்டு 2022 ஜனவரியில் நிலையான வரைமுறை வந்தபோது, ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய், மொத்தம் 2,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். மீண்டும் பணம் நிரப்ப இணையத்துக்கு வந்தே ஆக வேண்டும். எவ்வளவு மோசமாகப் போனாலும் இழப்பு அந்தத் தொகையைத் தாண்டாது என்பதே இதன் சூட்சுமம். 2023 ஆகஸ்டில் 200 என்பது 500 ஆயிற்று, மொத்த வரம்போ அப்படியே நின்றது.

பணத்தில் இவ்வளவு நேர்த்தியாக அமைவது வயலில் அமைவதில்லை. ரிசர்வ் வங்கியின் 2019 வரைமுறை சோதனைக்கு ஒதுக்கிய காலம் 12 வாரம், அதாவது 84 நாள். நம் குறுவை ரகங்கள் விளைந்து முடியவே ஏறத்தாழ 110 நாளாகும். குறுவையில் நடத்திய சோதனை, வடகிழக்குப் பருவமழையில் நனையும் சம்பாவுக்குச் சான்றாகாது. அதனால்தான் ஒரு புதிய நெல் ரகம் ஆடுதுறை போன்ற ஆராய்ச்சி நிலையத்தில் தேறியதோடு நில்லாமல், பல இடங்களிலும் விவசாயிகளின் சொந்த வயல்களிலும் மறுபடி சோதிக்கப்படுகிறது. சோதனை வழிச் சட்டம் எழுதுவோர் வேளாண் துறையிடம் கேட்டிருக்கலாம்.

அதைவிடக் கடினமானது ஒப்புதல். பணச் சோதனையில் சேருபவர் அறிந்தே சேர்கிறார், அவருடைய இழப்புக்கும் வரம்பு உண்டு. காற்றில் மிதக்கும் மருந்துத் துளி வரப்பில் நின்றுவிடுவதில்லை. பக்கத்து வயலின் உளுந்துக்காரரும், குளத்தில் மீன் வளர்ப்பவரும் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் அல்லர். வான்வழித் தெளிப்புக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ட்ரோனுக்காகச் சட்டத்தின் எந்த ஷட்டரை உயர்த்தினாலும், உயர்த்தாமல் விட வேண்டிய ஷட்டர்களின் பட்டியலில் நான் முதலில் எழுதுவது இந்த விதியைத்தான்.