‘சீரற்ற’ வேண்டாம், ‘குலுக்கல்முறை’ போதும்

தூக்க ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் தமிழ்த் தகவல் தாள்களில் “நீங்கள் சீரற்ற முறையில் தேர்ந்தெடுக்கப்படுவீர்கள்” என்ற வரி அலுக்காமல் வருகிறது. நான்கே சொல், இரண்டு பிழை.

மூலச்சொல் ‘ரேண்டம்’. பழைய பிரெஞ்சில் தலைதெறிக்கப் பாய்வது. பிறகு குறியில்லாமல் எறிவது. புள்ளியியலில், யார் விருப்பமும் கலவாமல் வாய்ப்புக்கு விடுவது.

சீரற்ற சாலை, சீரற்ற நாடித்துடிப்பு என்போம். ‘சீரற்ற ஆய்வு’ என்றால் ஏனோதானோ ஆய்வு என்றுதான் வீட்டுப் பெரியவர் நினைப்பார். நடப்பதோ நேர்மாறு. சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 15–19 வயதினர் 56 பேர். ஏழு இரவுகள் ஒரு பிரிவுக்கு 5 மணி நேரப் படுக்கை, மறு பிரிவுக்கு 9. பின்னர் இரண்டு இரவு 9 மணி நேரம் தூங்கவிட்டும் 5 மணிப் பிரிவினரின் கவனம் பழைய நிலைக்கு மீளவில்லை. பழியைத் தூக்க இழப்பின்மேல் துணிந்து போட முடிவது, பிரிவை யாரும் கையால் பொறுக்காததால்தான்.

இத்தகைய ஆய்வுகளில் நால்வர் நால்வராகக் கட்டுவது ஒரு வழக்கம்: இரண்டு 5, இரண்டு 9. சாத்தியமான ஆறு வரிசைகளில் ஒன்றைக் கணினி எடுக்கும். சீட்டு ஒளிபுகா உறைக்குள். ஒப்புதல் கையெழுத்தான பிறகே உறை பிரியும். இதை விட்டு ஒற்றைப்படை இங்கே, இரட்டைப்படை அங்கே என்றால், அடுத்தவர் எங்கே போவார் என்பது சேர்ப்பவருக்குத் தெரிந்துவிடும். சோர்ந்த பையனுக்கு இரங்கி 9 மணிப் பக்கம் தள்ளுவார், ஆய்வு கெட்டது.

இரண்டாம் பிழை ‘தேர்ந்தெடுக்கப்படுவீர்கள்’. ஆய்வுக்கு ஆளைத் தேர்வது வேறு, சேர்ந்தவரை ஒரு பிரிவில் சேர்ப்பது வேறு.

‘ரேண்டம்’ என்பதற்குத் ‘தற்செயல்’ சரியில்லை; இது திட்டமிட்ட செயல். தமிழ்நாட்டுப் பாடநூலின் ‘சமவாய்ப்பு’ மதிப்புக்குரிய சொல்தான். ஆனால் ஒரு பிரிவில் இருவர், மறு பிரிவில் ஒருவர் என்று பிரித்தாலும் அது ரேண்டமே. அங்கே வாய்ப்பு சமமில்லையே! இலங்கையின் ‘எழுமாறு’ அழகு, சிங்கப்பூரில் பலருக்குப் புரியாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கும் தொடக்கநிலை ஒன்றில் பள்ளியிடத்துக்கும் நாம் சொல்வது குலுக்கல். அதில் நாலு நம்பர் லாட்டரி வாடை அடிக்கிறதாம். உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையில் அடித்ததா? 35 முதல் 70 வயது, சொந்த மனையில் வீடு என்று தகுதி பார்த்த பிறகுதான் ஓலை குடத்துக்குள் போனது. ஆய்விலும் அதே வரிசை.

“குலுக்கல்முறையில் ஒரு பிரிவில் சேர்க்கப்படுவீர்கள்” என்று எழுதுங்கள்.

தகவல் தாளின் தலைப்பிலுள்ள ‘தூக்கமின்மை’யையும் மாற்றுங்கள். அது படுத்தாலும் தூக்கம் வராத நோய்; இங்கே தூங்கவிடாமல் எழுப்புகிறார்கள், இது தூக்க இழப்பு. அந்தச் சொல்லை நம்பி நோயாளிகள் விண்ணப்பிப்பார்கள். ஆய்வு தேடுவதோ நலமாகத் தூங்குபவர்களை; முதல் வடிகட்டலிலேயே திருப்பி அனுப்பப்படுபவர்களும் அந்த நோயாளிகளே.