நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் கருந்துளை அல்ல

தர்மபுரி, கிருஷ்ணகிரி பள்ளிகளில் வானியல் வகுப்பு எடுப்பது என் வேலை. பாலக்கோடு, ஊத்தங்கரை, பென்னாகரம் என எங்கே போனாலும் வகுப்பு முடிந்ததும் ஒரு செல்போன் நீளும். ஆரஞ்சு நிறத்தில் வளையம் வளையமாக ஒரு படம், நடுவில் கறுப்புப் பொட்டு. "சார், புதுசா சூரியக் குடும்பம் பிறக்குதாமே, நடுவுல இருக்கறது கருந்துளையா?" என்பார்கள். புதுக் கிரகம் வந்தால் ஜாதகம் மாறுமா என்று கேட்ட பெற்றோரும் உண்டு. மாறாது. அந்த ஒளி அங்கிருந்து கிளம்பியே சில நூறு வருடங்கள் ஆகிவிட்டன.

படம் பொய்யில்லை. அதோடு வரும் வாட்ஸ்அப் வாசகம்தான் பெரும்பாலும் தப்பு.

நடுவில் இருப்பது இளம் நட்சத்திரம். அதன் வெளிச்சம், சுற்றியுள்ள தூசி வட்டை (கோள்கள் உருவாகும் தட்டு இது) அமுக்கிவிடும் என்பதால், கருவிக்குள் ஒரு மறைப்பு வைத்து நட்சத்திரத்தை மறைக்கிறார்கள். அந்த மறைப்புதான் கறுப்புப் பொட்டு. மறைத்த பிறகும் ஓரத்தில் நட்சத்திர ஒளி கசிந்துகொண்டே இருக்கும். அதை விலக்கத்தான் பிளஸ் டூ இயற்பியலில் படித்த தளவிளைவு, அதாவது ஒளி ஒரே திசையில் அதிர்வது, கை கொடுக்கிறது. நட்சத்திரத்திலிருந்து நேராக வரும் ஒளி எல்லாத் திசையிலும் அதிர்கிறது. தூசியில் பட்டுச் சிதறிய ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்கிறது. வந்த ஒளியை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அதிர்வுகளாகப் பிரித்து, ஒரே நேரத்தில் இரண்டு படம் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறார்கள். நட்சத்திர ஒளி இரண்டிலும் சமமாக இருப்பதால் அடிபட்டுப் போகும். தூசியின் ஒளி மட்டும் மிஞ்சும். சிலி நாட்டின் பரனால் மலையில் 8.2 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்திய ஸ்பியர் கருவி 2014 முதல் இப்படித்தான் படம் எடுக்கிறது. பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுப்பதால், அந்த ஆரஞ்சு பிறகு ஏற்றிய நிறம்.

நம் பக்கத்துக் காவலூரில் இதைப் பார்க்க முடியாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். அங்குள்ள 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நல்ல கருவி. ஆனால் வானத்தில் இந்த வட்டுகள் ரொம்பச் சிறியவை. காற்றின் நடுக்கத்தில் நட்சத்திரமும் வட்டும் ஒன்றாகக் கலங்கிவிடும். பரனாலில் அந்த நடுக்கத்தை நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சரிசெய்கிறார்கள்.

சரி, அந்தப் படத்தில் தெரிவது என்ன? வட்டின் மேல்தோல் மட்டும்தான். கல் குவாரி கிரஷர் பக்கம் போனவர்களுக்கு இது எளிதில் புரியும்: நைசான தூசி மேலே மிதக்கும், பருமனான துகள் கீழே படியும். வட்டிலும் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் தூசி மேற்பரப்பில் நின்று ஒளியைச் சிதறடிக்கிறது. மில்லிமீட்டர் அளவுத் துகள்கள் நடுத்தளத்தில் இறங்கிவிடுகின்றன. அவற்றைப் பார்ப்பது ஆல்மா ரேடியோ தொலைநோக்கி. அதனால் ஒரே நட்சத்திரத்தின் இரண்டு படங்கள் ஒன்றுபோல் இல்லாமல் போகலாம். இரண்டுமே உண்மைதான்.

ஒரு பக்கம் பளிச்சென்று இருந்தால் அங்கே தூசி அதிகம் என்றும் முடிவு கட்டக்கூடாது. தூசி ஒளியை முன்னோக்கியே அதிகம் சிதறடிக்கும் என்பதால் நமக்கு அருகில் உள்ள பக்கம் பிரகாசமாகத் தெரியலாம். உள்வட்டின் நிழல் விழுந்த இடம் இருண்டும் இருக்கும். இடைவெளி இருந்தால் கோள் இருக்கும் என்பதும் உறுதியில்லை. பிடிஎஸ் 70 என்ற நட்சத்திரத்தின் இடைவெளியில் 2018இல் ஒரு கோளும், 2019இல் இன்னொன்றும் நேரடியாகவே தெரிந்தன. பல வட்டுகளில் இடைவெளி மட்டும்தான் தெரிந்திருக்கிறது, கோள் தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. தூசியே வெளிவிடும் வெப்ப ஒளி பக்கத்துத் தூசியில் பட்டுச் சிதறும்போதும் தளவிளைவு உண்டாகிறது. துகளின் அளவு, அலைநீளத்தில் சுமார் ஆறில் ஒரு பங்காக இருக்கும்போது இது வலுவாகத் தெரியும். எச்எல் டவுரி என்ற இளம் நட்சத்திரத்தின் வட்டில் 0.87 மில்லிமீட்டர் அலைநீளத்தில் ஆல்மா இதை அளந்தது. கணக்குப் போட்டால் துகள் சுமார் 0.14 மில்லிமீட்டர். அதற்கு முன் மில்லிமீட்டர் வரை வளர்ந்திருக்கும் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். விவாதம் இன்னும் ஓடுகிறது. 450 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் தூசியின் பருமனை, ஒளி அதிரும் திசையை வைத்தே அளக்கிறோம் என்பதை வகுப்பில் சொல்லும்போது பின் வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

தளவிளைவை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலராய்டு கண்ணாடி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் திரைக்கு முன் சுழற்றினால் ஏதாவது ஒரு கோணத்தில் திரை இருள வேண்டும். இருளாவிட்டால் அது அநேகமாகச் சாதா கூலிங் கிளாஸ். மழை பெய்து வானம் துலங்கிய காலையில், சூரியன் கிழக்கில் தாழ்ந்திருக்கும்போது, வடக்கிலோ தெற்கிலோ பார்த்து அதைச் சுழற்றுங்கள். நீலம் இருண்டு வெளுக்கும். புகையும் தூசியும் மண்டிய நாளில் இந்த வித்தியாசம் குறைந்துவிடும்.

அப்புறம், பெற்றோர்களும் ஆசிரியர்களும் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். போலராய்டு வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. இரண்டு துண்டைக் குறுக்கே வைத்தால் சூரியன் மங்கலாகத் தெரியும். பிள்ளைகள் பாதுகாப்பு என்று நம்பிவிடுவார்கள். ஆனால் அகச்சிவப்பு பெருமளவு உள்ளே போய்விடும். விழித்திரைக்கு வலி தெரியாது, பாதிப்பு நேர்ந்த பிறகுதான் பார்வை மங்கியது புரியும். கிரகண நாளில் ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள, கீறல் இல்லாத, சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த கிரகணக் கண்ணாடி மட்டும் கொடுங்கள். அது கிடைக்காவிட்டால், அட்டையில் ஊசித்துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, பிம்பத்தைச் சுவரில் விழவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.