செடித்தொட்டிக்குக் கேஸ் வைப்பவர்கள் கவனத்துக்கு

செடி நன்றாக வளர, மீன்தொட்டி நீரில் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கேஸ் விடுவார்கள். அதனால் மீன் சாவது பெரும்பாலும் இரவில்தான். விடிந்து பார்த்தால் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருக்கும், இறால்கள் சரிந்து கிடக்கும். "இத்தனை நாள் நல்லாத்தானே ஓடுச்சு?" என்று கேட்பார்கள். அன்று இரவு கேஸ் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

காற்றுபடத் திறந்து வைத்த நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடுகூட இருக்காது. செடித்தொட்டிக்கு நாம் குறிவைப்பது சுமார் 30 மில்லிகிராம். விளக்கு எரியும்வரை செடிகள் அதை எடுத்துக்கொண்டு ஆக்சிஜன் விடும். விளக்கு அணைந்தால் செடியும் மீனைப் போல ஆக்சிஜனைத்தான் எடுக்கும். வெயில் காலத்தில் ஆபத்து இன்னும் கூடும். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5 தான். சூட்டில் மீனுக்கோ மூச்சுத் தேவை அதிகம்.

கேஸ் நிற்காமல் போவதற்கு நம் ஊரில் முதல் காரணம் டைமர். முள் வைத்துச் சுற்றும் மெக்கானிக்கல் டைமர் கரண்டில் ஓடுவது. பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 2 வரை மின்தடை என்றால் அது 5 மணி நேரம் பின்தங்கும். மாலை 5 மணிக்கு நிற்க வேண்டிய கேஸ் இரவு 10 வரை ஓடும். விளக்கு பேட்டரி உள்ள வேறு டைமரில் இருந்தால் அது சொன்ன நேரத்துக்கு அணைந்துவிடும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். ஸ்மார்ட் பிளக் என்றால், கரண்ட் திரும்பும்போது 'ஆஃப்' நிலையில் இருக்கும்படி அமைத்துவிடுங்கள்.

அடுத்தது இன்வெர்ட்டர். சோலினாய்டு வால்வு (கேஸைத் திறந்து மூடும் மின்வால்வு, டைமர் இயக்குவது இதைத்தான்) இன்வெர்ட்டரிலும் ஃபில்டர் இன்வெர்ட்டர் இல்லாத லைனிலும் இருந்தால், கரண்ட் போனதும் நீரோட்டம் நின்று கேஸ் மட்டும் இறங்கும். இரண்டுக்கும் கரண்ட் ஒரே இடத்திலிருந்து வரட்டும். சோலினாய்டு, கரண்ட் போனால் தானாக மூடிக்கொள்ளும் வகைதானா என்று கடையிலேயே கேளுங்கள். ஓடும்போது அது கைக்குச் சூடாக இருப்பது இயல்பு.

பொருத்தும்போது சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே வாஷர்தான் அடைப்பு. அங்கே டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், பிய்ந்த துணுக்கு வால்வுக்குள் போகும். நீடில் வால்வை (கேஸைக் கூட்டிக் குறைக்கும் திருகு) மூடிவிட்டுச் சிலிண்டரை மெதுவாகத் திறந்து, வெளிவரும் அழுத்தத்தைச் சுமார் 2 பார் (அழுத்த அலகு) அளவுக்கு வையுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். சிலிகான் குழாய் வேண்டாம், அதன் சுவர் வழியாகவே கேஸ் கசியும். பாலியூரித்தேன் குழாய் போடுங்கள். செக் வால்வு (ஒருபக்கம் மட்டும் விடும் வால்வு) இல்லாவிட்டால், கேஸ் நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து சோலினாய்டைக் கெடுக்கும்.

அளவு வைப்பதை, நாள் முழுக்க வீட்டில் இருக்கும் விடுமுறையில் செய்யுங்கள். 100 லிட்டருக்கு நொடிக்கு 1 குமிழியில் தொடங்கலாம், குழாயில் உள்ள பபிள் கவுண்டரில் குமிழியை எண்ணலாம். ஆனால் குமிழியின் பருமன் கவுண்டருக்குக் கவுண்டர் மாறும். நண்பர் சொன்ன எண்ணிக்கை உங்கள் தொட்டிக்குச் சரிவராது. ஒருமுறை கூட்டினால் ஒரு முழு நாள் பொறுங்கள். விளக்குக்கு 2 மணி நேரம் முன்பு கேஸ் தொடங்கட்டும், விளக்கு அணைவதற்கு 1 மணி நேரம் முன்பே நிற்கட்டும்.

நீரில் கேஸ் எவ்வளவு என்பதைக் கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை), பி.எச். (அமிலத்தன்மை அளவு, கேஸ் கூடினால் இறங்கும்) இரண்டையும் வைத்துக் கணக்கிடலாம். கே.எச். 4 உள்ள நீரில் பி.எச். 6.6 வந்தால் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம். போர் தண்ணீரில் கே.எச். 10 இருந்தால் பி.எச். 7.0-லேயே அந்த அளவு வந்துவிடும். அங்கே 6.6-ஐ எட்டவேண்டும் என்று திறந்துகொண்டே போனால் லிட்டருக்கு 75 மில்லிகிராம் ஆகிவிடும், மீன் தாங்காது. மரக்கட்டை, ஆக்வா சாயில் (செடிக்கான மண் உருண்டைகள்) உள்ள தொட்டியில் வேறு அமிலங்களும் சேர்வதால் இந்தக் கணக்கு இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அதனால் டிராப் செக்கரையும் (கேஸ் அளவை நிறத்தால் காட்டும், தொட்டிக்குள் வைக்கும் சிறு குமிழ்) வையுங்கள். அதற்குள் ஊற்ற வேண்டியது கே.எச். 4 கரைசல், தொட்டி நீரை ஊற்றினால் அதன் நிறத்தை நம்ப முடியாது. பச்சை சரி, நீலம் குறைவு, மஞ்சள் ஆபத்து. அது காட்டுவது ஒன்றிரண்டு மணி நேரம் முந்தைய நிலவரம் என்பதால் மீனின் மூச்சையும் பாருங்கள்.

சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அழுத்தமானி சொல்லாது. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் வெப்பநிலையைத்தான் காட்டும்: 20 டிகிரியில் 57 பார், 30 டிகிரியில் 72 பார். எடைதான் கணக்கு, காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். திரவம் தீரும் கட்டத்தில் மலிவான ரெகுலேட்டர்களில் வெளிவரும் அழுத்தம் ஏறி, மிச்சக் கேஸ் மொத்தமும் தொட்டியில் இறங்கிவிடும். அதற்கு முன்பே நிரப்பக் கொடுங்கள், எடை போட்டு நிரப்பும் இடத்தில் மட்டும். அளவுக்கு மீறி நிரப்பிய சிலிண்டர் வெயிலில் சூடானால் பாதுகாப்புத் தகடு உடைந்து மொத்தக் கேஸும் வெளியேறும்.

இங்கே மீனை விடுங்கள், மனிதர்களைப் பார்ப்போம். 2 கிலோ கேஸ் விரிந்தால் சுமார் 1,100 லிட்டர். 10 அடிக்கு 10 அடி, 10 அடி உயரம் உள்ள மூடிய அறையில் அது ஏறக்குறைய 4 சதவீதம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ், உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுத்திருப்பதே அந்த அளவுதான். வாசனை கிடையாது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் கசியும்போது தரையோரம் தேங்கும், பாயில் படுத்திருக்கும் பிள்ளைகளை முதலில் தாக்கும். கதவடைத்து ஏசி போட்டுத் தூங்கும் அறையில் சிலிண்டர் வேண்டவே வேண்டாம். வேறு அறையிலும் அதை நிமிர்த்தி, சாயாமல் கட்டி வையுங்கள்.

மீன் மேலே திணறினால் முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். ஏர் பம்ப் போடுங்கள். கரண்ட் இல்லையென்றால் சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். குளோரின் நீக்கிய நீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். மீன் தேறியதும் அவசரப்பட்டுக் கேஸைத் திறக்க வேண்டாம். டைமர் காட்டும் நேரத்தைக் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். அது சரியென்றால், சிலிண்டரைச் சிறிது நேரம் மட்டும் திறந்து, சோலினாய்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குமிழி சில நிமிடங்களில் நிற்கிறதா பாருங்கள். அதுவும் நின்றால் சிலிண்டரை எடை போடுங்கள்.