சொல் விளக்கம்: உள்ளக அதிகாரக் கவர்வு

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடந்துதான் போகிறார்கள். அடியாருக்கு அங்கே தடையில்லை. மான்களைப் பார்த்தபடி ஏறிப்போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம். அதே கோட்டைக்குள் இராணுவ முகாமும் இருக்கிறது; அந்தப் பக்கம் திரும்ப நமக்கு அனுமதி கிடையாது. கோட்டைக்குள் நிற்பது வேறு, கோட்டை கைவசம் இருப்பது வேறு. கணினிப் பாதுகாப்புச் செய்திகளில் அடிக்கடி வரும் ‘லோக்கல் பிரிவிலேஜ் எஸ்கலேஷன்’ என்ற தொடர் இந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்: சாதாரணப் பயனராகக் கணினிக்குள் நிற்பவர், தனக்குத் தரப்படாத அதிகாரத்தைக் கைப்பற்றுவது.

என்னிடம் கணினி படிக்கும் மாணவி ஒருத்தி அதை ‘உள்ளூர் சிறப்புரிமை உயர்வு’ என்று எழுதிக் கொண்டுவந்தாள். அகராதிப்படி ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் வாசித்தால், பிரதேச சபை உறுப்பினர்களுக்குப் புதிய சலுகை கிடைத்த செய்தி போல இருக்கிறது.

‘லோக்கல்’ இங்கே ஊரைக் குறிக்கவில்லை. தாக்குபவர் சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றின் வழியே ஏற்கெனவே கணினிக்குள் வந்துவிட்டார் என்பதே பொருள். ‘உள்ளகக் கணக்காய்வு’ என்று நம் அலுவலகங்களில் நாளும் எழுதுகிறோமே, அந்த ‘உள்ளக’ போதும்.

‘பிரிவிலேஜ்’ இலத்தீன் வழி வந்தது. ‘பிரிவஸ்’ என்றால் தனியொருவர், ‘லெக்ஸ்’ என்றால் சட்டம். தனியொருவரைக் குறித்து இயற்றப்பட்ட சட்டம் என்பது முதற்பொருள். பாராளுமன்றத்துக்குச் ‘சிறப்புரிமை’ பொருந்தும். கணினியிலோ, எந்த நினைவகத்தைத் தொடலாம், எந்தக் கோப்பை மாற்றலாம் என்பதுதான் கேள்வி. அது அதிகாரம். விண்டோஸில் ‘சிஸ்டம்’ கணக்கிடமும் லினக்ஸில் ‘ரூட்’ கணக்கிடமும் அது ஏறக்குறைய முழுமையாகக் குவிந்திருக்கிறது.

‘எஸ்கலேஷன்’ என்ற சொல்லில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். அதன் வேர் ‘ஸ்காலா’, இலத்தீனில் ஏணி. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் நகரும் படிக்கட்டுக்கு ‘எஸ்கலேட்டர்’ என்று வணிகப் பெயர் வைத்தார்கள். அதிலிருந்து பிறந்த வினையே இன்றைய ‘எஸ்கலேட்’. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, அதே வேரிலிருந்து வந்த ‘எஸ்கலாட்’ என்ற பிரெஞ்சுச் சொல், கோட்டை மதிலில் ஏணி சாத்தி ஏறுவதைக் குறித்தது. தொல்காப்பியம், மதில் முற்றுகைப் போரைச் சொல்லும் உழிஞைத் திணையில் ‘ஏணிமிசை மயக்கம்’ என்று சொல்வதும் ஏணிமேல் நின்று பொருவதைத்தான். இரு மொழிகளும் ஒரே மதிலடியில் சந்திப்பதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் தீரவில்லை.

‘உயர்வு’ என்பது பிறர் தருவது: பதவி உயர்வு, சம்பள உயர்வு. இங்கே யாரும் தரவில்லை. ‘அதிகார மீறல்’ என்றாலோ அதிகாரம் உடையவரே செய்யும் தவறாகிவிடும். ஆநிரை கவர்தல் என்கிறோமே, பிறருடையதைத் தனதாக்கிக்கொள்ளும் அந்தக் ‘கவர்தல்’தான் இங்கே நடக்கிறது. ஆகவே, உள்ளக அதிகாரக் கவர்வு.

இதற்கு ஏணியாக அடிக்கடி அமைவது ‘டிரைவர்’. வீதியில் அவர் சாரதி. கணினியில் அது இயக்கி. அச்சுப்பொறி முதலிய கருவிகளுக்கும் விண்டோஸ், லினக்ஸ் போன்ற பணிசெயல் முறைமைக்கும் இடையே நின்று பேசும் நிரல் அது. பல இயக்கிகள் முறைமையின் மையமாகிய கர்னலுக்குள், முழு அதிகாரத்தோடு ஓடுகின்றன. எளிய பயனரின் கோரிக்கையைக் கையில் வாங்குவதும் அவையே. வாங்கியதைச் சரிபார்க்காவிட்டால் மதிலில் ஏணி சாத்தியாயிற்று.

2021இல் வெளிவந்த அப்படியொரு குறையைச் சொல்கிறேன். எச்பி, சாம்சங், செராக்ஸ் அச்சுப்பொறிகள் பலவற்றோடு 2005 முதல் வந்த ஓர் இயக்கி, பயனர் அனுப்பும் எழுத்துச் சரத்தை நகலெடுக்கும்போது அதன் நீளத்தையும் பயனர் சொன்னபடியே நம்பியது. ஒதுக்கிய இடத்தைவிடப் பெரிய நீளத்தைச் சொன்னால், மிகுதி பக்கத்து நினைவகத்தில் வழிந்து கர்னலின் தரவை அழித்து எழுதும். அந்த வழிவை அளந்து அனுப்பத் தெரிந்தவர் சிஸ்டம் கணக்கின் அதிகாரத்தை எட்டிவிடலாம். பதினாறு ஆண்டுகள் அந்தக் குறை அப்படியே இருந்தது. அச்சுப்பொறியைக் கழற்றி வைத்தாலும் கணினி தொடங்கும்போதெல்லாம் அந்த இயக்கி ஏறிக்கொண்டிருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. பலர் மாறிமாறி அமரும் கணினி அறைகளில், எப்போதோ தூக்கி எறிந்த அச்சுப்பொறிகளின் இயக்கிகளைத் தேடி நீக்குவது அதனால் அவசியம். மற்றவற்றுக்கு இற்றைப்படுத்தல் வந்ததும் நிறுவிவிட வேண்டும்.

மாணவி தன் தாளைத் திருத்திக்கொண்டு வந்தாள்: “அச்சுப்பொறி இயக்கியில் உள்ளக அதிகாரக் கவர்வுக்கு இடந்தரும் ஓட்டை.”