ஆக்‌ஷன் ஃபிகர்னா பொம்மைதாங்க

நாப்பது வயசுக்கு மேலயும் ஹீமேன், ஜி.ஐ.ஜோ மாதிரி ஆக்‌ஷன் ஃபிகர், அதாவது கைகால் மடக்கற ஹீரோ, சிப்பாய் பொம்மைங்களைத் தேடித்தேடிச் சேர்க்கிறவங்களைப் பத்தி தமிழ்ல ஒரு கட்டுரை படிச்சேன். விஷயம் நல்லா இருந்தது, உழைச்சு எழுதியிருக்காங்க, ஆனா ஆக்‌ஷன் ஃபிகருக்குத் தலையிலேர்ந்து கால்வரைக்கும் "செயல் உருவங்கள்", "செயல் உருவங்கள்". இதுக்கு முன்னாடி ஒரு படத்தோட சப்டைட்டில்ல "அதிரடி உருவம்"னு வந்தது, ஒரு ஷாப்பிங் ஆப்போ இன்னும் ஒருபடி மேல போய் "அதிரடி புள்ளிவிவரங்கள்"னே போட்டிருந்தான், ஃபிகர்னா நம்பர்னு மெஷின் நினைச்சிருச்சு போல. மெஷினை விடுங்க, அதுக்கு மனசாட்சி கிடையாது. மனுஷங்க உக்காந்து யோசிச்சு "செயல் உருவம்"னு எழுதறாங்களே, அதான் தாங்கல.

வேர்ச்சொல் கதையை சீக்கிரம் முடிச்சிடறேன். ஃபிகர் லத்தீன்லேர்ந்து வந்தது, அடியில இருக்கற வினைக்கு களிமண்ணைப் பிசைஞ்சு உரு பண்றதுன்னு அர்த்தம். ஆக்‌ஷனும் லத்தீன்தான், செய்யறது, இயக்கறது. டால்ங்கறது டோரத்திங்கற பொண்ணு பேரைச் செல்லமா சுருக்கினது, அப்புறம் பொம்மைக்கு ஆகி வந்திருச்சு. இங்க ஃபிகர்னா காலேஜ் வாசல்ல வேற அர்த்தம், அதுக்குள்ள போக வேணாம்.

ஆக்‌ஷனையும் ஃபிகரையும் ஒட்டவெச்சது யாரு, எதுக்குங்கறதுதான் முக்கியம். 1959ல மாட்டெல்ங்கற அமெரிக்க பொம்மைக் கம்பெனி பார்பியை இறக்குது, பொம்மையை ஒருதடவை வித்துட்டு அதுக்கு டிரெஸ்ஸை வருஷம் முழுக்க வித்துக்கிட்டே இருக்கற வியாபாரம். இதைப் பாத்துட்டு ஹாஸ்ப்ரோங்கற இன்னொரு கம்பெனி 1964ல பையன்களுக்குன்னு ஜி.ஐ.ஜோவைக் கொண்டுவருது. கிட்டத்தட்ட 12 இன்ச் உயரத்துல ஒரு சிப்பாய், உடம்புல 21 இடத்துல அசையும், யூனிஃபார்ம் துப்பாக்கி பூட்ஸ் எல்லாம் தனித்தனியா காசு குடுத்து வாங்கணும். அப்படியே பார்பி வியாபாரம்தான். ஆனா அமெரிக்காவுல அப்போ எந்த அப்பனும் மகனுக்கு டால் வாங்கித் தரமாட்டான், டால்னா பொம்பளப்புள்ள சமாச்சாரம். அதனால டால்ங்கற வார்த்தையையே ஒழிச்சுக்கட்டி ஆக்‌ஷன் ஃபிகர்னு புதுசா ஒண்ணைப் பண்ணி அதையே எல்லார் வாயிலயும் பழக்கிவிட்டாங்க. அதாவது அது ஒரு பொருளோட பேரே இல்ல, பொம்மைன்னு சொல்ல வெக்கப்பட்டு போட்ட முக்காடு.

இதோட வேடிக்கை கோர்ட்டு வரைக்கும் போச்சு. அமெரிக்காவுல அப்போ இறக்குமதி வரிக்கு டால் ஒரு கணக்கு, மத்த விளையாட்டுச் சாமான் வேற கணக்குன்னு இருந்தது. ஜி.ஐ.ஜோ டால் இல்லன்னு ஹாஸ்ப்ரோ கேஸ் போட, 1989ல அப்பீல் கோர்ட்டு "இது டால்தான்"னு சொல்லிருச்சு. அப்புறம் 2003ல டாய் பிஸ்னு இன்னொரு கம்பெனி, எக்ஸ்-மென்ங்கற, பிறவியிலயே விசேஷ சக்தி இருக்கற காமிக்ஸ் ஹீரோக்களோட பொம்மைங்களுக்கு இதே வழக்கு. அப்போ டால்னா 12 சதவீத வரி, மத்த பொம்மைன்னா 6.8 சதவீதம். டால்னா மனுஷ உருவமா இருக்கணும், எங்க எக்ஸ்-மென் மனுஷங்களே இல்லன்னு வாதாடி ஜெயிச்சுட்டாங்க. எங்களையும் மனுஷங்களா மதிங்கடான்னு வருஷக்கணக்கா போராடறதுதான் எக்ஸ்-மென் கதையே. வரிக்காக அவங்களை மனுஷங்களே இல்லன்னுட்டாங்களேன்னு ரசிகர்களுக்கு வந்த கோவம் நியாயமான கோவம்.

இப்ப தமிழுக்கு வருவோம். பொம்மைங்கற சொல்லுல அந்த வெக்கம் எங்க இருக்கு? பையன் ரயில் கேட்டாலும் பொம்மை, பொண்ணு மரப்பாச்சி கேட்டாலும் பொம்மை, யானை பொம்மை, போலீஸ் பொம்மை, பொம்மைத் துப்பாக்கி. மரப்பாச்சியே ஆணும் பொண்ணுமா ஜோடியாதான் வருது. இல்லாத வெக்கத்தை மறைக்க எதுக்குங்க தமிழுக்கு முக்காடு? அந்த ஊர்க்காரன் விளம்பரத்துக்காக கூச்சப்பட்டா அந்தக் கூச்சத்தையும் சேர்த்து மொழிபெயர்க்கணும்னு யார் சொன்னா?

சரி, செயல் உருவம்ங்கறவங்க வாதத்தையும் பாத்துடலாம். ஆக்‌ஷனுக்கு செயல், ஃபிகருக்கு உருவம், நேருக்கு நேர் இருக்கு, கலைச்சொல்னா இப்படித்தான் இருக்கணும்கறாங்க. ஆனா தமிழ்ல செயல்ங்கறதை ஒரு பேருக்கு முன்னாடி ஒட்டினா என்ன ஆகும்னு காது குடுத்துக் கேக்கணும்ல. செயல் தலைவர், செயல் அலுவலர், செயல்வீரர்கள் கூட்டம். எல்லாம் பதவியும் கட்சியும்தான். செயல் உருவம்னு கேட்டா, மூல உருவம் ஊர்ல இல்லாதப்ப பொறுப்பை கவனிச்சுக்கற உருவம்னுதான் எனக்குத் தோணுது. செயல்வீரர் உருவம்னு ஒருத்தர் திருத்தம் குடுத்திருந்தார், அது நேரா மாவட்டச் செயலாளர் கட்அவுட்.

அதிரடி அதைவிட மோசம். அதிரடின்னா தமிழ்ல ஒண்ணு போலீஸ் படை, இல்லன்னா ஆடித் தள்ளுபடி. 1977ல ஸ்டார் வார்ஸ் படம் வந்தப்ப அதோட பொம்மைங்களைச் செய்யற கென்னர் கம்பெனிகிட்ட அந்த வருஷ கிறிஸ்துமஸுக்கு பொம்மையே ரெடியா இல்ல, அதனால காலி அட்டைப்பெட்டிக்குள்ள ஒரு சர்டிபிகேட்டை வெச்சு வித்தாங்க, அதை தபால்ல அனுப்பினா அடுத்த வருஷம் நாலு பொம்மை வீட்டுக்கு வரும். காலி டப்பாவை காசு குடுத்து வாங்கினாங்கன்னா மோகத்தைப் பாத்துக்குங்க. அந்த நாலுல ஒண்ணு இளவரசி லெயா, ஒண்ணு ஆர்2-டி2ங்கற ரோபோ, பாக்க குப்பைத்தொட்டி மாதிரி இருக்கும், தலை திரும்பும், கால் அசையும், அவ்வளவுதான். இதுல எங்கங்க அதிரடி?

உருவத்தையும் பொம்மையையும் சேர்த்து "உருவ பொம்மை"ன்னு சமரசம் பேசறவங்களும் இருக்காங்க. சாமி, வேணாம். தமிழ் பேப்பர்ல உருவ பொம்மைன்னா அது எரிக்கறதுக்குன்னே செய்யறது. "சென்னையில் சூப்பர்மேன் உருவ பொம்மை"ன்னு தலைப்பு போட்டீங்கன்னா எந்தக் கட்சிக்காரங்க கொளுத்தினாங்கன்னுதான் கேப்பாங்க.

பொம்மைன்னா உசுரில்லாததுன்னு ஒரு எதிர்வாதம் வரும். பொம்மை அரசு, பொம்மை மாதிரி நிக்காதேன்னு திட்டறோமே, கைகால் மடக்கற சாமானுக்கு அது எப்படிப் பொருந்தும்னு. இது கொஞ்சம் வலுவான வாதம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஆடற பொம்மைக்கு நம்ம மொழியில எப்பவோ இடம் இருக்கு, பொம்மலாட்டம்னு ஒரு கலையே இருக்கு. குறள்ல மண்ணுல அழகா செஞ்ச பாவையும் வருது, கயித்தால இழுத்தா உசுரு இருக்கற மாதிரி மயக்கற மரப்பாவையும் வருது. ஒண்ணு அசையாதது, ஒண்ணு மூட்டு மூட்டா அசையறது, ரெண்டுக்கும் அதே பாவைதான். கண்ணுக்குள்ள இருக்கறதையும் பாவைன்னுதான் சொல்றோம், லத்தீன்காரனும் கண்மணிக்கு குட்டிப் பொம்மைங்கற சொல்லைத்தான் வெச்சிருக்கான், இது சும்மா ஒரு கொசுறு.

பாவையே வெச்சுக்கலாமேன்னு தூயதமிழ் நண்பர்கள் கேப்பாங்க. எழுத்துக்கு சரி, பேச்சுக்கு ஆகாது. பாவைன்னா இன்னிக்கு பெரும்பாலும் பொண்ணு, இல்லன்னா மார்கழி. ஹீமேன் பாவைன்னு சொல்லிப் பாருங்க, வாய் தானா நின்னுரும். பொம்மைங்கறது தெலுங்குலயும் பொம்மதான், கன்னடத்துல கொம்பெ, சுத்துவட்டாரம் பூரா புழங்கற சொல்லு.

பெரியவங்க சேர்க்கற விஷயம்னு வரும்போதுதான் இந்த முக்காடு இன்னும் இறுகுது. "இது பொம்மை இல்ல, கலெக்டிபிள்"னு கத்துவாங்க. ஏங்க, பெரியவங்க பொம்மை சேர்க்கறது நம்ம ஊர்ல என்ன புதுசா? கொலு வெக்கிற வீட்டுல பாட்டி காலத்து செட்டியார் பொம்மையை துணியில சுத்தி பரண்மேல வெச்சு, வருஷத்துல ஒம்போது நாள் படியில அடுக்கி, தொடவந்த புள்ளைங்க கையில ஒரு தட்டு தட்டி, வருஷா வருஷம் புதுசா ஒண்ணாவது வாங்கிச் சேர்க்கறாங்களே, அதை என்னன்னு சொல்றீங்க? டப்பாவைப் பிரிக்காம கண்ணாடி அலமாரியில வெக்கிற ஆளுக்கும் கொலு மாமிக்கும் மனசு ஒண்ணுதான். அங்க யாரும் கொலு உருவம்னு சொல்லல.

அந்த மனசு எவ்வளவு தூரம் போகும்னா, இவங்க சின்ன வயசுல கென்னர் செய்யாம விட்ட, ஸ்டார் வார்ஸ் வில்லன் ஜப்பாவோட பெரிய பாய்மரப் படகை, 2018ல ஹாஸ்ப்ரோ "5,000 பேர் ஆளுக்கு 500 டாலர் முன்பணம் கட்டினா செய்யறோம்"னு சொல்ல, கேட்டதைவிட அதிகமாவே ஆள் சேர்ந்துருச்சு. கட்டினவங்கள்ல எத்தனை பேருக்கு முதுகுவலி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

நம்ம ஊருக்கும் இதுல பங்கு இருக்கு. எம்.ஆர்.எஃப். குழுமத்தோட ஃபன்ஸ்கூல் 1987ல ஹாஸ்ப்ரோவோட சேர்ந்து தொடங்கினது, தலைமையகம் சென்னை. அவங்க போட்ட ஜி.ஐ.ஜோல சட்டை ஒரு கலர், பேன்ட் சம்பந்தமே இல்லாம இன்னொரு கலர்னு வரும், அமெரிக்காவுல நிறுத்தின பழைய வார்ப்பெல்லாம் இங்க ஓடிக்கிட்டிருந்தது. அதுக்காகவே அங்க இருக்கற சேகரிப்பாளர்கள் இந்தியப் பொம்மையைத் தேடி வாங்கினாங்க. அதை வெச்சு விளையாடின பசங்க யாரும் செயல் உருவம்னு கேட்டு அடம்பிடிக்கல. "ஜி.ஐ.ஜோ பொம்மை வேணும்"னுதான் தரையில உருண்டாங்க.

ரசிகர்னு நல்லா ஒரு சொல் இருக்கறப்ப விசிறின்னு எழுதறதும் இதே வியாதிதான். ஃபேன்ங்கறது ஃபனாட்டிக்கோட சுருக்கம், அதுக்கு வேர் லத்தீன்ல கோயில். சாமி வந்து ஆடறவன்தான் ஃபேன். காத்து வீசற விசிறிக்கும் அதுக்கும் ஸ்பெல்லிங்கைத் தவிர ஒரு உறவும் கிடையாது. யாரோ சிலேடையா சொன்னதை சீரியஸா எடுத்துக்கிட்டு "தீவிர விசிறி"ன்னு எழுதறாங்க, ரெகுலேட்டரை அஞ்சுல வெச்ச மாதிரி. நம்ம மொழிபெயர்ப்பாளர்கள் நிறைய பேரு எதிர்ல இருக்கற பொருளைப் பாக்கறதில்ல, டிக்‌ஷனரியத்தான் பாக்கறாங்க.

அப்ப என்னதான் எழுதறதுன்னா, முக்கால்வாசி இடத்துல கதாபாத்திரத்தோட பேரைப் போட்டு பொம்மைன்னு முடிச்சிருங்க. வோல்வரின் பொம்மை, லெயா பொம்மை. மூட்டு அசையறது முக்கியம்ங்கற இடத்துல, உதாரணமா சேகரிப்பாளர்களுக்கு எழுதறப்ப, மூட்டுப் பொம்மைன்னு எழுதலாம், 21 மூட்டுன்னு எண்ணிக்கை சொல்லவும் வசதி. அசையாம ஒரே போஸ்ல நிக்கற விலை உசந்த ஜப்பான் சரக்குக்கு சிலை போதும். பெரிய தலையோட ஸ்ப்ரிங்ல ஆடற மார்வெல், ஸ்டார் வார்ஸ் ஃபங்கோ பாப்புக்கு "ஊசலாடும் தலை உருவம்"னு ஒருத்தர் எழுதியிருந்தார். தஞ்சாவூர் எங்க இருக்குன்னு அவருக்கு யாராவது சொல்லுங்க, தலையாட்டி பொம்மைங்க அது.