நான்கு சுரங்கள், இரண்டு உரிமைகள்

பீத்தோவனின் 5ஆம் சிம்பொனி மூன்று குறுகிய சுரங்களும் ஒரு நீண்ட சுரமுமாகத் தொடங்குகிறது. 1808இல் வியன்னாவில் அரங்கேறிய அந்தப் படைப்பை இன்று எவரும் அனுமதியின்றி வாசிக்கலாம், அச்சிடலாம், மாற்றியும் அமைக்கலாம். ஆயினும் அதே நான்கு சுரங்களை ஓர் இசைத்தட்டிலிருந்து வெட்டியெடுத்துத் தம் பாடலில் சேர்ப்பவருக்கு அந்தச் சுதந்திரம் போதாது. இசையமைப்புக்கு ஓர் உரிமை என்றால், இசைத்தட்டில் உள்ள ஒலிப்பதிவுக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. (பலரும் இதைக் காப்புரிமை என்று எழுதுகிறார்கள், அது கண்டுபிடிப்புகளுக்கு உரிய சொல்.)

நான்காம் சுரத்தின்மேல் பீத்தோவன் இட்ட நீட்டிப்புக் குறி, அதை எத்தனை நொடி நீட்ட வேண்டும் என்று சொல்வதில்லை. அதை முடிவு செய்பவர் இசை நடத்துநர். வயலின் வில்லின் அழுத்தம், அரங்கின் எதிரொலி, மைக் வைக்கப்பட்ட தொலைவு ஆகியவையும் சேர்ந்தே நாம் கேட்கும் அந்த ஒலி உருவாகிறது. சாம்பிள் எடுப்பவர், அதாவது பதிவின் துண்டை வெட்டித் தம் பாடலில் சேர்ப்பவர், விரும்புவது அந்த ஒலியைத்தான். சட்டம் காப்பதும் அதைத்தான்.

காக்கும் காலம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. 1960இல் வெளியான ஒரு பதிவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அன்றைய 50 ஆண்டு விதிப்படியும், இந்தியாவில் 60 ஆண்டுக் கணக்குப்படியும் காலம் முடிந்துவிட்டது. அமெரிக்காவிலோ அது 2067 பிப்ரவரி வரை நீள்கிறது. இணையத்தில் வெளியாகும் பாடல் மூன்று இடங்களிலும் ஒலிக்கும் என்பதால், மிக நீண்ட காலத்தையே கணக்கில் கொள்வது நல்லது.

சில நொடிகள் எடுத்தால் தவறில்லை என்ற நம்பிக்கை ஆபத்தானது. கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மானிய மின்னிசைக் குழுவின் பதிவிலிருந்து எடுக்கப்பட்ட ஏறத்தாழ 2 நொடித் தாளம் பற்றி 2019இல் தீர்ப்பளித்த ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றினால் ஒழிய, மிகச் சிறு துண்டுக்கும் அனுமதி வேண்டும் என்றது. கேட்பவரின் காதையே அளவுகோலாக்கியது எனக்கு நியாயமாகப் படுகிறது. அமெரிக்காவில் 2005இலும் 2016இலும் இரு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று எதிரான முடிவுகளுக்கு வந்துள்ளன.

இசையமைப்பும் எப்போதும் பழையதாக இருப்பதில்லை. 1971இல் மறைந்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் படைப்புகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2041 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவை. 1726இல் மறைந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் லாலாந்தின் இசையை ஓர் அறிஞர் செப்பனிட்டுத் தயாரித்த பதிப்புகளுக்கும் புதிய உரிமை உண்டு என்று 2005இல் இங்கிலாந்து நீதிமன்றம் கூறியது.

அனுமதி கிடைக்காதபோது, பழைய மூல இசைக்குறிப்பிலிருந்து அந்தப் பகுதியைப் புதிதாக வாசித்துப் பதிவு செய்யலாம். அது முன்னைய பதிவைப் போலவே ஒலித்தாலும் அமெரிக்கச் சட்டப்படி ஒலிப்பதிவு உரிமையை மீறியதாகாது. ஆனால் வாசிப்பவர்களுடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்வது அவசியம். ஏனெனில் அவர்கள் வாசித்துப் பதிவானவுடன் இன்னொரு புதிய ஒலிப்பதிவு உரிமை பிறந்துவிடுகிறது.