கை விட்டுப் பார்க்காமல் பருவ ஊசி போடாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது கன்றுவீச்சு. அதனால்தான் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போன புதன்கிழமை விடிவதற்கு முன்பே போன். "டாக்டருங்க, கிடேரி என்னமோ போட்டு வெச்சிருக்குதுங்க, கொஞ்சம் வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் கட்டுத்தறியில் எதன் மேலோ சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். விலக்கினேன். சின்னப் பூனை அளவில் ஒரு கன்று. ரோமம் முளைக்காத தோல், அழுத்தினால் அமுங்குகிற குளம்பு. நாலு மாதம் இருக்கும். கிடேரிக்குப் பின்னால் நஞ்சுக்கொடி பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

"ஊசி ஏதாச்சும் போட்டீங்களா?"

"பருவ ஊசிதானுங்க, சனிக்கிழமை. ரெண்டு வயசு தாண்டியும் பருவத்துக்கே வரலீங்களே."

"சினை இருக்குதான்னு பார்த்தீங்களா?"

"இதுக்குச் சினை ஊசியே போட்டதில்லீங்க. அப்புறம் எப்படீங்க சினையா இருக்கும்?"

சினை ஊசி என்று அவர் சொன்னது செயற்கைக் கருவூட்டலை. பதில் திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. "பக்கத்துக் காட்டுக் காளைக்கன்னு ஒரு நாள் வேலி தாண்டி வந்துச்சே, நாந்தான் வெரட்டி உட்டேன்." விரட்டுவதற்குள் காளை வேலையை முடித்திருக்கிறது. அதை மகனிடம் சொல்ல வேண்டும் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மாடு பருவத்துக்கு வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சினையைத்தான். ஊசி போட்டவர் ஆசனவாய் வழியாகக் கை விட்டுக் கருப்பையைத் தடவிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவர் மருத்துவர் இல்லை, கையுறையும் கொண்டு வரவில்லை. சீட்டு கேட்காமல் மருந்தை எடுத்துக் கொடுத்த கடைக்காரரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

சரி, எனக்கு மிகவும் எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன். பருவ ஊசி என்று நீங்கள் கேட்டு வாங்குவது புரோஸ்டாகிளாண்டின். அது பருவத்தை உண்டாக்கும் ஊசி கிடையாது. அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, அவர்கள்தான் பாதிக் கன்றுகளைக் கொன்றவர்கள்.

மாடு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். முட்டை வெளியேறிய இடத்தில், சினைப்பையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி வளரும். கார்பஸ் லூட்டியம் என்போம். அது சுரக்கும் புரோஜெஸ்டிரான் உடம்பில் ஓடும்வரை அடுத்த பருவம் வராது. கரு தங்காவிட்டால் 16, 17-ஆம் நாள் வாக்கில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து கட்டியைக் கரைத்துவிடும். சில நாளில் மாடு பருவத்துக்கு வந்து கத்தும். கரு தங்கிவிட்டால் கட்டி கரையாமல் நிற்கும். நின்று சினையைக் காப்பாற்றும். ஊசி செய்வது ஒரே வேலை, அந்தக் கட்டியைக் கரைப்பது. வெறும் கட்டி எது, கன்றைக் காக்கும் கட்டி எது என்று மருந்துக்குத் தெரியாது.

இதிலிருந்து மற்றதெல்லாம் புரியும். எலும்பும் தோலுமாக இருக்கிற கிடேரிக்குச் சினைப்பையே தூங்கிக்கொண்டிருக்கும். கட்டியே இல்லாத இடத்தில் எதைக் கரைப்பது? அதற்குப் போடும் ஊசியும் பச்சைத் தண்ணீரும் ஒன்றுதான். பருவம் முடிந்த முதல் நாலைந்து நாளில் போட்டால் கட்டி இளசு, கரையாது. நாலு மாதச் சினையில் போட்டால் புதன்கிழமை நான் பார்த்ததுதான். மாட்டில் ஏறக்குறைய ஐந்து மாதம் வரைக்கும் சினை இந்தக் கட்டியைத்தான் நம்பியிருக்கிறது. வெள்ளாடு இன்னும் மோசம், சினையான ஐந்து மாதமும் கட்டிதான் துணை. வெள்ளாட்டுக்கு எந்த மாதத்தில் போட்டாலும் குட்டி வீசிவிடும்.

"போன வருசம் எங்க மாட்டுக்கு மூணே நாள்ல வேலை செஞ்சுதே" என்பீர்கள். செய்திருக்கும். கட்டி இருந்ததால் செய்தது. கட்டி இருந்தது என்றால் அந்த மாடு ஏற்கெனவே பருவத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது, நீங்கள்தான் பார்க்கவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். பருவம் இருப்பதே 12 முதல் 18 மணி நேரம்; அதிலும் பாதி ராத்திரியில் போய்விடும். எருமை கத்தக்கூடச் செய்யாது, ஊமைப் பருவம். காலையில் பால் கறக்கப் போகும்போதும் ராத்திரி படுக்கப் போகும்முன்னும் டார்ச் அடித்து வாலுக்குக் கீழே பாருங்கள். கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குகிறதா, வாலில் காய்ந்து ஒட்டியிருக்கிறதா? காலையில் கண்டால் சாயந்திரம் சினை ஊசி, சாயந்திரம் கண்டால் மறுநாள் காலை.

ஹார்மோன் ஊசிகளுக்கு நான் எதிரி இல்லை. தினமும் போடுகிறேன். 1995-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வகுத்த ஓவ்சிங்க் முறையில் முதல் நாள் ஒரு ஹார்மோன், ஏழு நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின், இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடி முதல் ஹார்மோன், அடுத்த 16 முதல் 24 மணி நேரத்துக்குள் கருவூட்டல். பருவத்துக்குக் காத்திருக்கவே தேவையில்லை. ஆனால் கை விட்டுப் பார்த்து, சினை இல்லை என்று உறுதியான பிறகுதான் முதல் ஊசி. அதற்கும் முன்னால் தீவனம். பசுந்தீவனமும் தாது உப்பும் காணாத மாட்டுக்கு எந்த ஊசியும் சோறு போடாது.

சினை ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்துச் சினைப் பரிசோதனைக்குக் கொண்டு வாருங்கள். நடுவில் கத்தினாலும் உடனே மறு ஊசிக்கு ஓடாதீர்கள். சினை மாடுகளிலும் சில கத்தும். மேய்ச்சலுக்குப் போகும் மாடா, பக்கத்தில் காளை உண்டா என்று வீட்டில் எல்லாரையும் கேளுங்கள், பாட்டியையும் சேர்த்து. கன்று வீசினால் நஞ்சுக்கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள், கல்லும் கட்டித் தொங்கவிடாதீர்கள். மருத்துவரைக் கூப்பிடுங்கள். வீசியதை வெறும் கையால் எடுக்கவே கூடாது. கன்றுவீச்சு நோயாக, அதாவது புரூசெல்லா கிருமித் தொற்றாக இருந்தால் அது மனிதருக்கும் ஒட்டும். புதன்கிழமைக் கிடேரியிலிருந்தும் அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்திருக்கிறேன். ஊசிதான் காரணம் என்று தெரிந்தாலும் எடுக்க வேண்டும்.

அவருக்குக் கன்று போனது. கிடேரி தேறி, மறுபடி சினை பிடித்துப் பால் வர இன்னும் பதினொரு மாதம் ஆகும். இல்லாவிட்டால் ஐந்தே மாதம்.

கிளம்பும்போது எந்த மருந்து என்று கேட்டேன். வீட்டு மருமகள் மாடத்தில் இருந்த காலிப் பாட்டிலை எடுத்துவந்து நீட்டினாள். மூடி இல்லை, விளிம்பில் ஈரம். அவளுக்கு ஏழு மாதம். இந்த மருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமாக்காரர்களும் தொடவே கூடாது என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கும், எறும்பு அளவு எழுத்தில், ஆங்கிலத்தில். கையுறையை மாட்டிக்கொண்டு வாங்கினேன். "ஓடும்மா, சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவு" என்று நான் போட்ட சத்தத்தில் கிடேரியே திரும்பிப் பார்த்தது.